கீபோர்டு வாங்கிய விதம் குறித்து மச்சானுக்கு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய மச்சான் செல்லதுரை அவர்களுக்கு,

உங்கள் தங்கை பாண்டிச்செல்வியின் கணவனும், கொச்சி கார்ப்பரேஷனில் தண்ணீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவனுமாகிய வாஞ்சிநாதன், இரண்டு கைகளையும் கூப்பி, எழுதுவதற்காக அதில் ஒன்றை மட்டும் விடுவித்துக்கொண்டு எழுதும் மடல். இங்கே நாங்கள் இருவரும் சுகம். சங்கரன்கோவிலில் நீங்களும் அக்காவும், போன மாதம் கன்று ஈன்ற பசுவும் சுகமாக இருக்க வேண்டும் என்று இங்குள்ள மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பிய குரல் செய்தி வந்து சேர்ந்தது. எனக்கு மட்டுமல்ல, மகள் சுனிதாவுக்கும், மருமகன் பினுவுக்கும், துபாயில் இருக்கும் உங்கள் சித்தப்பா மக்களுக்கும் வந்து சேர்ந்தது. "நம்மூரு சுடலைமுத்து எல்லாம் சொல்லிட்டான் மாப்ள. பொண்டாட்டிக்குத் தொண்டையில ஆபரேசன் பண்ணி வீட்ல உக்கார வச்சிட்டு, நீரு வெளையாட்டுப் பெட்டி வாங்கி, படகுல வச்சு ஆடிக்கிட்டு வந்தீராமே! வெக்கமா இல்ல வே?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் அதே வழியில் பதில் சொல்லத்தான் முயன்றேன். அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் பேச்சு மறந்து போகிறது, பேச்சு ஞாபகம் வந்தால் விரல் நழுவி விடுகிறது. "மச்சான், அது வந்து" என்ற அளவில் சில செய்திகள் உங்களுக்கு வந்திருக்கும். அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். நடந்தது முழுவதையும் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு அதன் பிறகும் வெட்கப்பட வேண்டும் என்று சொன்னீர்களானால் உடனே பட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தங்கையின் குரலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. காலையில் தோசைமாவுத் தூக்கோடு அவள் எங்கள் சந்தில் இறங்கி "மாவேய்" என்று ஒரு குரல் கொடுத்தால், சுக்குக் குடோன் வாசலில் படுத்திருக்கும் ஆடுகள் எழுந்து வழிவிடும், மூன்றாவது தெருவில் கதவு திறக்கும். சுள்ளிக்கல்லில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் கொடைத் திருவிழா வந்தால் முளைப்பாரிப் பாட்டுக்கு அவள்தான் முதல் குரல். அவள் மேலே ஏறுவாள், மற்றப் பெண்கள் பின்னால் ஏறுவார்கள். நான் தூரத்தில் லாரியை நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறேன். கழுத்தில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த டாக்டர் நல்ல மனிதர், முதலிலேயே உட்கார வைத்துச் சொன்னார். கட்டியை எடுத்தாக வேண்டும், குரல் கொஞ்சம் மாறலாம், மெல்ல மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். கட்டியில் கெடுதல் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அவள் வாய் திறந்தபோது குரல் எங்கேயோ கீழே கிடந்தது. காலி டிரம்மைச் சிமெண்டுத் தரையில் உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அவளே சொன்னாள். சொன்னதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

அன்று முதல் நீங்கள் எத்தனையோ தடவை போன் செய்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அவள் குளிக்கிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னேன். இவ்வளவு குளிக்கிற பெண்ணை நீங்கள் சந்தேகப்படாததே பெரிய விஷயம். உண்மையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேண்டாம் என்று கை ஆட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணன் இந்தச் சத்தத்தக் கேட்டா ஒடைஞ்சு போயிரும்" என்று ஒரு நாள் என் காதருகில் சொன்னாள். மாவுத் தூக்கோடு போய் ஒவ்வொரு வீட்டு மணியாக அடித்தாள். வீட்டில் என்னைக் கூப்பிட வேண்டுமானால் எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் தட்டினாள். தட்டுவதை வைத்தே சாயா ஆயிற்றா, மீன்காரன் வந்தானா, நான் துண்டை மறுபடியும் கட்டிலில் போட்டுவிட்டேனா என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கோயில் செக்ரட்டரி பாண்டித்துரை வந்து, "அக்காவுக்கு முடியலன்னா வேண்டாம், கஷ்டப்படாண்டாம். பென்டிரைவ்ல பாட்டு உண்டு, ஸ்பீக்கர்ல போட்டா மதி, அது போதும்" என்று ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் போனதும் கொடைக்கு உடுத்தும் சிவப்புச் சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை மச்சான்.

பிறகு ஒரு மத்தியானம் நான் புரண்டு புரண்டு தூங்க முயன்றுகொண்டிருந்தபோது அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. சாயா என்று எழுந்தேன். சாயா இல்லை. டம்ளர், சொம்பு, குக்கர் மூடி, இட்லிக் கொப்பரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தட்டித் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் சொம்புக்கு ஒரு இடம், மூடிக்கு ஒரு இடம். நான் வாசல்படியில் நின்று கேட்டேன். முளைப்பாரிப் பாட்டின் முதல் அடி அப்படியே வந்தது. நடுவில் ஒரு இடத்துக்கு மட்டும் பாத்திரம் கிடைக்கவில்லை. அதற்கு அவள் என்னுடைய மருந்து பாட்டிலைத் தட்டிப் பார்த்தாள், சேரவில்லை. எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது: இந்தப் பெண்ணுக்குத் தேவை, எல்லா இடமும் ஒழுங்காக அடுக்கி வைத்த ஒரு பெட்டி. ஆக மச்சான், பெட்டி வாங்கப் புறப்பட்டது ஆடுவதற்காக அல்ல.

முதலில் எர்ணாகுளத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். உள்ளே நீளம் நீளமாகக் கீபோர்டுகள் காலில் நின்றன. ஒரு தம்பி வந்து ஒன்றின்மேல் கையை வைத்தான். மச்சான், மழைக்காலத்தில் தகரக் கூரைமேல் விழுவது போல விழுந்தது! நான் மெய்ம்மறந்து நின்றேன். ஆனால் நம் வீடு உங்களுக்குத் தெரியும். நான் தோளில் கிடந்த தோர்த்துத் துண்டால் அதன் நீளத்தை அளந்து, பத்தாததற்கு வேட்டியின் நுனியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்துப் பார்த்தேன். நீள வாக்கில் வைத்தால் கதவு மூடாது. குறுக்கு வாக்கில் வைத்தால் கட்டில் வெளியே போக வேண்டும், கட்டில் போனால் நான் போக வேண்டும். உங்கள் தங்கை என்னையும் தோர்த்தையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரை ஒரே தட்டு தட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

அடுத்து சுனிதாவிடம் சொன்னேன். அவள் போனிலேயே நல்லதாகப் பார்த்து வரவழைத்தாள். படத்தில் பார்த்தால் கச்சிதம். பெட்டி வந்ததும் நான் விளக்கேற்றி, பொட்டு வைத்து, உங்கள் தங்கையைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டையை அமுக்கினாள். மாடு கத்தியது. இரண்டாவதில் வாத்து. மூன்றாவதில் ஏதோ ஒன்று, குரங்கு என்று நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகளுக்கானதாம். சுனிதா மலையாளத்தில் எழுதியிருந்ததைச் சரியாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும், மலையாளம்தான் அவளுக்கு நன்றாக வரும், அப்படியும் தவறிவிட்டது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அவளோ விடவில்லை மச்சான். முளைப்பாரிப் பாட்டின் முதல் அடியை அதிலேயே வாசித்துவிட்டாள்: மாடு, மாடு, வாத்து, பூனை, மாடு. அம்மன் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாளோ. வாசித்து முடித்துவிட்டு உங்கள் தங்கை சிரித்தாள். சத்தமே இல்லாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. அதற்காகவே அந்தப் பெட்டியை நான் மதிக்கிறேன். இப்போது அது பக்கத்து வீட்டு ஷீஜாவின் கைக்குழந்தையிடம் இருக்கிறது. அவ்வப்போது சுவருக்கு அப்பாலிருந்து மாடு கத்தும்.

மூன்றாவதாகத்தான் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எர்ணாகுளம் பிராட்வேயை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன வாத்தியக் கடை, அங்கே ஸுப்ரியா என்று ஒரு பெண். வேறு யாராவது இருந்தால் கையில் கிடைத்ததைப் பொதிந்து கொடுத்து அனுப்பியிருப்பார்கள். இந்தப் பெண் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "ஆருக்கு வேண்டிட்டா சேட்டா? பேரக்குட்டிக்கா?" என்றாள். என் வீட்டுக்காரிக்கு என்றேன். எங்கே வைத்து வாசிப்பார்கள், தரையிலா, கட்டிலிலா, மடியிலா? கோயிலில் பிளக் இருக்குமா? அப்படியானால் பேட்டரியில் ஓட வேண்டும், சத்தம் வரும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு நடப்பார்களா? அப்படியானால் கட்டைகள் சின்னதாக இருக்கட்டும். மேடையில் ஏறிக் கச்சேரி செய்யப் போகிறார்களா, அல்லது மனம் போனபடி வாசித்து மகிழவா? எனக்குப் பதில் தெரிந்தவற்றுக்கு உட்கார்ந்தும் தெரியாதவற்றுக்கு எழுந்து நின்றும் பதில் சொன்னேன். கடைசியில் அவள் ஒன்றையும் விற்கவில்லை. "சேச்சிய கூட்டிட்டு வாங்க சேட்டா. யாரோட விரலோ, அவங்கதான் தொட்டு நோக்கணும்" என்றாள். விற்க வந்ததை விற்காமல் அனுப்பிய கடைக்காரியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு வந்ததில் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு படகில் போனேன். கழுத்துத் தழும்பு தெரியாமல் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். கடைக்குள் நுழைந்ததும் அவள் நடை மாறிவிட்டது. தோப்பும்படியில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, மீன்காரர் முகத்தையும் பார்த்து வாங்குவாளே, அதே பெண் வந்து நின்றாள். ஸுப்ரியா எடுத்து வைத்த சின்னக் கீபோர்டுகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பார்த்தாள். ஒன்று கொசு மாதிரி முனகியது, தள்ளினாள். ஒன்று எதை அமுக்கினாலும் கல்யாண வீடு மாதிரி அதிர்ந்தது, தள்ளினாள். ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, விளக்கெல்லாம் எரிந்தது, அதை அவள் தொடவே இல்லை. பிறகு மஞ்சளும் சாம்பலுமாக, முறத்தின் அகலத்தில், கைக்குழந்தையின் கனத்தில் ஒன்று. கோடியில் இருந்த தாழ்ந்த கட்டையை அமுக்கி விடாமல் பிடித்துக்கொண்டாள். 'ம்ம்' என்று நீளமாக ஒரு சத்தம், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. அது அடங்குகிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஸுப்ரியாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான் மச்சான். நான் நாட்கணக்கில் அலைந்து திரிந்து முடிக்காததை உட்கார்ந்த இடத்தில் முடித்துவிட்டாள். அதற்குள் புல்லாங்குழல் இருக்கிறது, வயலின் இருக்கிறது, நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒன்று இருக்கிறது, தாளம் போட ஆளும் உள்ளேயே இருக்கிறது. இதைச் செய்தவன் கை நோகாமல் இருக்கட்டும்.

இனி சுடலைமுத்து கண்ட காட்சிக்கு வருகிறேன். திரும்பி வரும்போது வாட்டர் மெட்ரோ படகில் ஏறினோம். ஏசி போட்ட படகு, எல்லோரும் வங்கியில் உட்கார்ந்திருப்பது போல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியை என் மடியில் வைத்திருந்தேன். பேட்டரியை ஸுப்ரியா போட்டுக் கொடுத்திருந்தாள். நான் செய்ததெல்லாம், உறையின் ஓரத்தில் விரலை விட்டு அதை ஒருமுறை தடவிப் பார்த்ததுதான். உள்ளே பதிந்து வைத்திருந்த டெமோ பாட்டு புறப்பட்டுவிட்டது. டிஸ்கோ தாளம். படகே திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்துவதற்காக ஒரு பொத்தானை அமுக்கினேன், தாளம் வேகமெடுத்தது. இன்னொன்றை அமுக்கினேன், அதே பாட்டு எக்காளத்தில் வந்தது. பெட்டியை வயிற்றோடு அணைத்து மூடப் பார்த்தேன், இரண்டு மூன்று தாளம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. படகுப் பணியாளர் எழுந்து, "சேட்டா, போட்டில் பாட்டு பாடில்லா" என்றார். படகில் பாட்டு கூடாது என்று அவர் சொன்னார், ஆனால் அந்தப் பாட்டுக்கு அது தெரியவில்லை. நான் எழுந்து நின்று, வலப்பக்கம் குலுக்கி, இடப்பக்கம் குலுக்கி, குனிந்து, நிமிர்ந்து, என்னாலானதைச் செய்தேன். அந்த நேரம் பார்த்துப் பின் வரிசையில் நம் ஊர் சுடலைமுத்து இருந்திருக்கிறார். அவர் கண்ணில் அது ஆட்டமாகப் பட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வெளிநாட்டு அம்மாள் கைகூடத் தட்டினாள். உங்கள் தங்கைதான் அமைதியாகப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கி, கவிழ்த்து, பின்மூடியைத் திறந்து ஒரு பேட்டரியை வெளியே எடுத்தாள். சத்தம் நின்றது. பேட்டரியை முந்தானையில் முடிந்துகொண்டு ஜன்னல் வழியாகக் காயலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளை விட நிதானமான ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. அவள் வீட்டில் கிடந்தாள் என்று சுடலைமுத்து சொன்னது மட்டும் தவறு. என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாவு அரைக்காத நேரமெல்லாம் பெட்டி அவள் மடியில்தான். முதலில் ஒரு விரல், பிறகு இரண்டு விரல். பாத்திரத்தில் கிடைக்காத அந்த ஒரு இடம் இதில் கிடைத்துவிட்டது, அன்றைக்கு அதையே திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். நானும் முயன்று பார்த்தேன். ஸ்டியரிங் பிடித்த விரல், ஒன்றை அமுக்கினால் பக்கத்துக் கட்டையும் கூடவே வருகிறது. அவள் என் கையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாசித்தாள். முளைப்பாரிப் பாட்டு முழுவதும் வந்துவிட்டது. ஆனால் வாசிப்பாளே தவிர வாய் திறக்க மாட்டாள். பாட்டு போகிற உயரத்துக்குக் குரல் போகாது. வாசிக்கும்போது உதடு மட்டும் லேசாக அசையும், அந்த உயர்ந்த இடம் வந்ததும் அதுவும் நின்றுவிடும். நான் பார்க்காத மாதிரி செய்தித்தாள் படிப்பேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை அவள் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு வாசித்தால், மச்சான், பெட்டிக்கும் குரல் போய்விட்டது! அதே விரல், அதே கட்டை, பாட்டு மட்டும் எங்கேயோ கீழே இறங்கிக் கேட்டது. இந்த வீட்டில் எது நுழைந்தாலும் குரல் போய்விடுமா என்று அம்மனிடம் நேரடியாகக் கேட்டேன். ஈரம் இறங்கிவிட்டது, ரிப்பேர்தான் என்று முடிவு செய்து, பெட்டியைத் தோர்த்தில் சுற்றி, அக்குளில் இடுக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, "ஸுப்ரியாகிட்டக் கொண்டு போயிட்டு வந்திர்றேன், நீ கவலைப்படாதே" என்று படி இறங்கினேன். பின்னால் டம்ளர் தட்டும் என்று எதிர்பார்த்தேன்.

"வேண்டாம். கொண்டு போகாண்டாம். அதை வைங்க."

டம்ளர் இல்லை, வாய். உரத்துச் சொன்னாள். சந்தில் போய்க்கொண்டிருந்த ஒரு ஆள், என்னை வேறொரு ஆண்பிள்ளை அதட்டுகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார். நான் வந்து வைத்தேன். அவள் தோர்த்தை அவிழ்த்து, பெட்டியை மடியில் வைத்து, தாழ்ந்து போன அந்தச் சுருதியிலேயே பாட்டைத் தொடங்கினாள். தொடங்கி, பாடினாள். பழைய குரல் இல்லை மச்சான், உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கரகரப்பும் கனமுமாக, மண்பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். ஆனால் அந்த உயர்ந்த இடம் வந்தது, அவளும் போனாள், நின்றாள், இறங்கினாள். உயரம்தான் தாழ்ந்து வந்து அவளுக்காகக் காத்திருந்ததே! பெட்டியின் ஓரத்தில் மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று என இரண்டு அம்புக்குறி இருக்கிறது. கீழ் அம்பை அமுக்கினால் முழுப் பாட்டும் படிப்படியாக இறங்கும், விரல் மாற வேண்டாம். துணி பட்டு அது அமுங்கியிருக்கிறது. நிறைந்த தண்ணீர் லாரியை மேட்டில் ஏற்ற வேண்டுமானால் கியரைக் கீழே இறக்குவோம், அதை எத்தனை வருஷம் செய்திருப்பேன், எனக்கு இது தோன்றவில்லை. நான் செருப்போடு அடுப்படியில் நின்று அழுதேன். அவள் பாட்டை முடித்துவிட்டு, "செருப்பக் கழத்துங்க" என்றாள்.

அந்த வாரமே பெண்களைக் கூப்பிட்டாள். கோயில் மண்டபத்தில் ஓமனா சேச்சியும் இசக்கிசெல்வியும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஓமனா சேச்சி நம் ஆளைக் கட்டி நம்மில் ஒருத்தியாகிவிட்ட மலையாளத்துப் பெண். உங்கள் தங்கை பெட்டியை மடியில் வைத்து அந்தத் தாழ்ந்த சுருதியில் தொடங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் எல்லோரும் பாட ஆரம்பித்தார்கள் பாருங்கள், மண்டபம் நிரம்பி வழிந்தது. பாண்டித்துரை ஆபீஸ் அறையிலிருந்து ஓடி வந்து, "ஆரு ஸ்பீக்கர் போட்டது? நாளைக்கல்லவா வயர்காரன் வரணும்!" என்று கேட்டுவிட்டு, பெண்களைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பாட்டு முடிந்ததும் இசக்கிசெல்வி எழுந்து, "மதினி, உள்ளதச் சொன்னா கோவிக்கக் கூடாது. இத்தனை வருசமா நீங்க மேல போற எடத்துல எனக்கு எட்டவே எட்டாது. நான் வாய மட்டுந்தான் தொறந்துட்டு இருந்தேன்" என்றாள். "ஞானும் அதே" என்றார் ஓமனா சேச்சி. பின் வரிசையில் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. மச்சான், இவ்வளவு காலம் அந்தக் கோயிலில் உச்சத்தில் கேட்டது உங்கள் தங்கையின் ஒற்றைக் குரல்தான், மற்றது முழுவதும் வாயசைப்பு! உங்கள் தங்கை அதைக் கேட்டு, அந்தப் புதிய குரலில், மண்டபம் அதிரச் சிரித்தாள். பாண்டித்துரை பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தாழ்ந்த சுருதியானால் தானும் கடைசி வரியில் சேர்ந்துகொள்ளலாமா என்று பெண்களிடம் அனுமதி கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகையால் மச்சான், நான் வாங்கியது விளையாட்டுப் பெட்டிதான், மறுக்கவில்லை. உங்கள் தங்கை அதை வைத்து விளையாடத்தான் செய்கிறாள். கொடை வருகிற மாதம். நீங்களும் அக்காவும் அவசியம் வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவள் உங்களோடு போனில் பேசாதது கோபத்தால் அல்ல என்பதை இதற்குள் புரிந்துகொண்டிருப்பீர்கள். வாட்ஸ்அப் செய்தியை அவளுக்கு நான் போட்டுக் காட்டவில்லை, இனியும் காட்ட மாட்டேன், நிம்மதியாக இருங்கள். அக்காவுக்கு என் வணக்கம். கன்றுக்குட்டிக்கு என் அன்பு. சுடலைமுத்துவைப் பார்த்தால் நான் நலமாக இருப்பதாகச் சொல்லுங்கள், ஆடுவதை நிறுத்திவிட்டதாகவும் சொல்லுங்கள். அம்மன் நம் இரண்டு வீட்டிலும் விளக்கணையாமல் காக்கட்டும்.

உங்கள் பணிவுள்ள மாப்பிள்ளை,
வாஞ்சிநாதன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கை வந்து வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டாள். துணி பட்டு அமுங்கியது என்று எழுதியிருக்கிறேனே, அது தவறாம், அன்று அவளேதான் வேண்டுமென்று அமுக்கினாளாம். அந்தக் கீழ் அம்புக்குறியைக் கடையிலேயே ஸுப்ரியா அவளுக்குக் காட்டிக் கொடுத்தாளாம். அது இல்லாததால்தான் மற்றப் பெட்டிகளைத் தள்ளினாளாம். நான் விளக்கு எரிகிற பெட்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேனாம். "பின்னே நான் தோர்த்துல கட்டிப் படி இறங்குற வரைக்கும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "எம்புட்டு தூரம் போவீங்கன்னு பாத்தேன்" என்றாள். ஆக, நான் தேடியது, நான் கண்டுபிடித்தது என்று மேலே வருவதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.

இன்னொன்று. படித்து முடித்ததும் என் போனை வாங்கி உங்களுக்குப் போட்டாள். "அண்ணே" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், என் நம்பரையும் அந்தக் கட்டைக் குரலையும் வைத்து நான்தான் என்று நினைத்து, நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். "எந்தங்கச்சி பாடாம கெடக்கான்னு நான் ரேடியோவக் கூடத் தொடல, ஒமக்கு டிஸ்கோ கேக்குதோ வே" என்பது வரை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரை கேட்டாள். நீங்கள் வைத்த பிறகு, "எங்க அண்ணன் எவ்வளவு நல்லாத் திட்டுது" என்றாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர்ந்த பிறகு மறுபடியும் கூப்பிடுவாளாம். ஆகவே மச்சான், என் நம்பரிலிருந்து ஒரு கட்டைக் குரல் பேசினால், முதலில் யார் என்று கேளுங்கள். அதன் பிறகு திட்டலாம்.